கேட்கப் போகிறவர்கள்

நேற்றுக் காலை கொழிஞ்சாம்பாறையில் பாலக்காடு பஸ் ஏறினேன். முன்பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. யாருக்கோ சிறுநீரக மாற்று சிகிச்சை, அன்றைய வசூல் மொத்தமும் அதற்கு. கண்டக்டர் கையில் டிக்கெட் மெஷின் இல்லை, பிளாஸ்டிக் பக்கெட். காருண்ய யாத்திரை என்று கேரளத்தில் இதற்குப் பெயர். சில்லறை பாக்கிக்குத் தினமும் சண்டை போடுகிற பெரியவர் ஒருத்தர் நூறு ரூபாயைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறங்கி டீக்கடை, லாட்டரிக் கடை என்று பக்கெட்டை நீட்டினார். ஒரு கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். இவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விட்டார். என்னால் முடியுமா? சத்தியமாக முடியாது.

கொடுக்கிறவர்களை நாம் நிறையவே கொண்டாடுகிறோம். கல்வெட்டு, பொன்னாடை, போட்டோ எல்லாம் உண்டு. அடுத்தவருக்காகக் கை நீட்டப் போகிறவர்களைக் கண்டால்தான் முகம் சுளிக்கிறோம். 2018 கேரள வெள்ளத்தின்போது வாளையார் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து லாரி லாரியாக அரிசியும் போர்வையும் வந்தனவே, அதற்கும் யாரோ கடை கடையாக ஏறி இறங்கியிருப்பார்கள்.

போன வருஷம் அம்மாவைத் திருச்சூர் மெடிக்கல் காலேஜில் சேர்த்திருந்தோம். மத்தியானம் பொதிச்சோறு வரும். வாட்டிய வாழையிலையில் சோறு, பயறுத் தோரன், தேங்காய்ச் சம்மந்தி, மேலே நியூஸ்பேப்பர். ஒரு நாள் பிரித்தால் ஆம்லெட் தனியாகச் சின்ன இலைத்துண்டில் மடித்திருந்தது, சோற்றில் எண்ணெய் படாமல். கட்டின வீடு எது என்று நமக்குத் தெரியாது, சாப்பிட்டது யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

வீடு வீடாகக் கேட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுப்பது, மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ. பையன்கள் செய்கிற வேலை. 2017-ல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் தொடங்கினார்கள். அந்தக் கட்சி உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், எனக்கும் அவர்களோடு ஆயிரம் சண்டை உண்டு. சோற்றில் அதைக் கலக்க வேண்டாம்.

எங்கள் தெருவுக்கு முறை வந்தால் முந்தின நாளே ஒரு பையன் வருவான். எங்கள் வாசலில் "அக்கா, நாளைக்கு எத்தனை பொதி?", அடுத்த வாசலில் "சேச்சி, நாளே எத்ர பொதி?" முன்பெல்லாம் டிவி சீரியல் நேரத்தில் வருகிறானே என்று எரிச்சலாக இருக்கும். ஒரு தடவை வீட்டில் ஆள் இல்லாத மாதிரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஒரு சிகிச்சை கமிட்டிக்கு நான் கொடுத்த பணத்துக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை. கணக்குக் கேளுங்கள், தப்பே இல்லை. அந்த ஒன்றைச் சாக்காக வைத்து எல்லாருக்கும் கதவைச் சாத்தாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை. ஐந்து பொதி சொல்லியிருக்கிறேன். இலை கிழியாமல் கட்ட எனக்கு இன்னும் வரவில்லை, அம்மாதான் கட்ட வேண்டும்.