அது கீரி இல்லக்கா

(பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. மாதம்மா புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்த தம்பி சின்னசாமி, முறத்துக்கு அந்தப் பக்கம்.)

மாதம்மா: சீமைக்குப் போயி கீரிய வளர்க்கறாளா? வனத்துறைக்காரன் பார்த்தா புடிச்சி உள்ள வெச்சிருவான்டா.

சின்னசாமி: கீரி இல்லக்கா. ஃபெரெட். அங்க நாய் பூனை வளர்க்கற மாதிரி. அந்தக் காலத்துல முயல் வளைக்குள்ள வுட்டு முயலத் தொரத்தறதுக்குப் பழக்குனது.

மாதம்மா: பாம்பு புடிக்குமா?

சின்னசாமி: புடிக்காது.

மாதம்மா: பின்ன இன்னாதான் பண்ணும்?

சின்னசாமி: தூங்கும். ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்குக் கொறையாது.

மாதம்மா: அதுக்கு எதுக்குடா சீமைக்குப் போவணும்? எங்க வூட்டுக்காரரு இங்கயே இருக்காரு. சரி, திங்கறதுக்கு இன்னா போடறா?

சின்னசாமி: கறி. கோழிக்கறி, ஈரல், முட்டை. இல்லன்னா கறியில செஞ்ச தீனியே பாக்கெட்டுல விக்கறான்.

மாதம்மா: புரட்டாசியிலயுமா?

சின்னசாமி: அதுக்கு ஏதுக்கா புரட்டாசி! காய், தானியம் எதுவும் செரிக்காது. கொடலு அவ்ளோ குட்டை. தின்ன மூணு நாலு மணி நேரத்துல வெளிய வந்துரும். அதனால ராவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கினே இருக்கும். நான் இது தெரியாம, பாவம் வாயில்லாத சீவனாச்சேன்னு களி கிண்டி ஒரு உருண்டை வெச்சேன்.

மாதம்மா: தின்னுச்சா?

சின்னசாமி: மோந்து பார்த்துச்சு. கவ்விக்கினு போயி சோபாவுக்கு அடியில ஒளிச்சி வெச்சிருச்சி. குனிஞ்சி கைய வுட்டுத் தொழாவுனா, அங்க என் லைட்டரு, ஒரு சாக்ஸு, டிவி ரிமோட்டு, எல்லாம் கெடக்குது.

மாதம்மா: லைட்டரையே ஒளிச்சிருச்சா? புத்தியுள்ள கீரிடா.

சின்னசாமி: கீரி இல்லக்கா. ரப்பரு, ஸ்பாஞ்சுன்னு எத முழுங்குனாலும் கொடலு அடைச்சிக்குமாம், அப்புறம் ஆபரேசன்தான். அதுக்கும் எனக்குத்தான் திட்டு. ஒரு நாளு ஆசையா ஒரு தேன் நெல்லிய நீட்டுனேன், ஓடியாந்து புடுங்கிட்டா.

மாதம்மா: ஔவையாருக்கே நெல்லிக்கனி குடுத்த அதியமான் ஊர்க்காரன்டா நீ! கீரிக்குக் குடுத்தா கொறைஞ்சா போயிரும்?

சின்னசாமி: இனிப்பு ஆவாதாம். அதுங்களுக்குக் கணையத்துல கட்டி வர்றது சாஸ்தி. வந்துட்டா ரத்தத்துல சர்க்கரை கிடுகிடுன்னு எறங்கி மயங்கி வுழுந்துரும்.

மாதம்மா: எறங்குதா? நம்ம தெருவுல அத்தினி பேருக்கும் ஏறுது. ஒருத்தருக்காச்சும் எறங்கக் கூடாதா சாமி! பாலு?

சின்னசாமி: ஊத்துனா கழிச்சல் புடுங்கும்.

மாதம்மா: நாத்தம் அடிக்குமே.

சின்னசாமி: அடிக்கும். அது வாசனைங்கறா. என் சிகரெட்டுதான் நாத்தமாம். இது எல்லாத்தையும்கூடப் பொறுத்துக்கலாம்க்கா, வூட்டுக்குள்ள ஒண்ணு பத்த வெக்க வுடல!

மாதம்மா: ஜன்னலோரமா நின்னுமா?

சின்னசாமி: ஜன்னலோரமும் கூடாதுங்கறா.

(ஜன்னலோரம் என்பது நம் ஆண்கள் கண்டுபிடித்த தனி நாடு. மூஞ்சியை மட்டும் கம்பிப் பக்கம் திருப்பி ஊதினால் புகை மரியாதையாக வெளியே போய்விடும் என்று நம்பாத ஒருவரை இந்த மாவட்டத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை.)

சின்னசாமி: புகை அதோட முடியில போயி படியுதாம். உடம்ப நக்கிச் சுத்தம் பண்றப்ப அந்த வெசமெல்லாம் வயித்துக்குள்ள போவுதாம். கையளவு சீவன், அதுக்குத் துளியூண்டு நுரையீரலு, தாங்காதுப்பாங்கறா. தோட்டத்துல நின்னு புடிச்சிட்டு வந்தாலும் சட்டைய மாத்தி, கை கழுவுனப்புறம்தான் தொடணும்.

மாதம்மா: மாத்துனியா?

சின்னசாமி: மாத்தாம? கதவாண்டயே வேற சட்டை தொங்கும். மழை ஒரு பக்கம், குளிரு ஒரு பக்கம், பல்லு தந்தியடிக்குது, ஒரு கையில குடை, ஒரு கையில சிகரெட்டு. கண்ணாடிக் கதவுக்கு உள்ளாற சோபாவுல படுத்துக்கினு என்னியப் பார்க்குதுக்கா அது!

மாதம்மா: கீரி.

சின்னசாமி: கீரி இல்லக்கா. எனக்குச் சளி புடிச்சப்ப அது இருக்கற ரூமுக்கே வுடல. நம்ம ஃப்ளூ காய்ச்சலு அதுக்கு அப்படியே ஒட்டிக்குமாம். 1933ல லண்டன்ல அந்தக் கிருமியக் கண்டுபுடிச்சதே, காய்ச்சக்காரன் தொண்டை கொப்புளிச்ச தண்ணிய ஃபெரெட்டு மூக்குல வுட்டுப் பார்த்துத்தானாம். அப்புறம் அது தும்மி, ஆராய்ச்சி பண்ணவருக்கே காய்ச்சலு.

மாதம்மா: நல்லா பண்ணுச்சு. வாங்குனதத் திருப்பிக் குடுத்துருச்சு.

(சின்னசாமி பேச்சுவாக்கில் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுக்கிறார். நிலைப்படிக்குள் காலை நீட்டிச் சாய்கிறார். உள்ளே அவர் மனைவி சரோஜா மூச்சிரைப்புக்கான பஃப்பை உதறி இழுக்கும் சத்தம்.)

மாதம்மா: நேத்து ராத்திரி ஜன்னலோரம் எத்தினி புடிச்ச?

சின்னசாமி: எண்ணிக்கினா இருப்பாங்க?

மாதம்மா: சரோஜா எத்தினி வாட்டி பஃப் இழுத்தான்னு நான் எண்ணுனேன்.

சின்னசாமி: அவளுக்கு வீசிங்கு கண்ணாலத்துக்கு முன்னாடியே இருக்குதுக்கா.

மாதம்மா: தெரிஞ்சேதான் ஊதுறியா? பஸ் ஸ்டாண்டுல பத்த வெப்பியா இத?

சின்னசாமி: எப்டி? 2008லயே பொது எடத்துல கூடாதுன்னுட்டானே. 200 ரூவா புடுங்கிருவான்.

மாதம்மா: பஸ் ஸ்டாண்டுக்கு 200 ரூவா. கீரிக்குத் தனிச் சட்டை. கட்டுனவளுக்கு மட்டும் ஓசியா?

சின்னசாமி: அவ ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்லியேக்கா.

மாதம்மா: கீரி சொல்லிச்சா?

சின்னசாமி: (பீடியைக் காதில் செருகியபடி) கீரி... வெளிய தூறல் போடுதுக்கா.

மாதம்மா: கொடை ஆணியில தொங்குது பாரு.