இப்ராரியில் வண்டியை நிறுத்துங்கள்

ஜார்ஜியாவின் ஸ்வானெத்தி மலைநாட்டில், மெஸ்தியாவிலிருந்து உஷ்குலிக்குப் போகிறவர்கள் வழியிலுள்ள இப்ராரி என்ற சிற்றூரில் கட்டாயம் நிற்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்தி வருகிறேன். அங்குள்ள அதிதூதர்கள் தேவாலயத்தைச் சிறியது என்பதற்காகவே கடந்து போவது பெரும் இழப்பு.

வெளியே இருந்து பார்த்தால் குவிமாடம்கூட இல்லாத, கல்லால் கட்டிய ஒற்றை அறைதான். உள்ளே கண்கள் இருளுக்குப் பழகிய பிறகு, சுவரிலுள்ள புனிதர்கள் ஒவ்வொருவராகத் துலங்கி வருகிறார்கள். இவர்களை 1096-ஆம் ஆண்டில் தீட்டியவர் தெவ்தோரே. அவர் அரசரின் ஓவியர் என்று சுவரெழுத்தே கூறுகிறது. ஜார்ஜிய மன்னர் நான்காம் தாவீது 1106-இல் புகழ்பெற்ற கெலாத்தி மடத்தைத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்பே அரசவைக் கலைஞர் ஒருவர் இந்த மலையூருக்கு வந்து வேலை செய்திருக்கிறார். பின்னர் இதே மலைநாட்டில், காலாவிலுள்ள லகுர்கா கோயிலிலும், 1130-இல் நாகிபாரி ஊர்க்கோயிலிலும் அவரே தீட்டினார். நாகிபாரியில் புனித ஜார்ஜின் ஈட்டி பாய்வது நாம் எதிர்பார்க்கும் பறவைநாகத்தின் (டிராகன்) மீதன்று, கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசன் தியோக்லீசியன் மீது!

என்னை மிகவும் நெகிழ வைத்தது வேறொன்று. இப்ராரிக் கோயிலை அழகுபடுத்தியவர்களாகச் சுவரெழுத்து குறிப்பிடுவது, அந்தப் பள்ளத்தாக்கின் அஸ்னவுரிகள் எனப்படும் குடிப்பிறந்தோரை, பெரியவர் சிறியவர் என அனைவரையும் சேர்த்து. தனியொரு பிரபுவின் பெயரை நிலைநாட்ட எழுந்த கோயிலன்று இது. ஒரு பள்ளத்தாக்கே கூடிப் பொருள் கொடுத்து, நாட்டின் தலைசிறந்த கையை வரவழைத்திருக்கிறது. இங்கே சிறுமை அளவில் மட்டுமே இருக்கிறது, நோக்கத்தில் துளியும் இல்லை.

ஸ்வானெத்தியின் ஊர்க்கோயில்களில் சாவி பெரும்பாலும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் இருக்கும். விசாரித்து, அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லும் பயணிகளோடு எனக்கு உடன்பாடில்லை. போர்க்காலங்களில் சமவெளிக் கோயில்களின் செல்வங்கள்கூட இந்த மலைகளில்தான் அடைக்கலம் புகுந்தன. படிமங்களையும் சிலுவைகளையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இந்த ஊரார்தாம். நுழைவுச்சீட்டுக் கூண்டும் பளிச்சிடும் விளக்குகளும் வந்தால் நமக்கு வசதி கூடும், ஆனால் கோயில் அவர்கள் கையை விட்டுப் போய்விடும். ஆகவே போகிறவர்கள் பொறுமையோடு காத்திருங்கள், உள்ளே ஒளிவெட்டுடன் படம் எடுக்காதீர்கள், சுவரைத் தொடாதீர்கள், கூரைப் பராமரிப்புக்கு உதவும் வகையில் இயன்ற காணிக்கையை வைத்துவிட்டு வாருங்கள்.