வெந்நீர் என்றால் மட்டும் கஜானா உறைந்துவிடுமா?

தமிழ்நாட்டில் யாருக்கு ஐயா வெந்நீர் தேவைப்படுகிறது என்று கேட்பவர்களை, மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைக்கோ தளிக்கோ அழைத்து வந்து, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் தலைக்குக் குளிக்கச் சொல்ல வேண்டும். தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்தார்கள் என்பதைச் சுற்றுலாக் குறிப்புகளில் தவறாமல் எழுதிக்கொள்ளத் தெரிகிறது. அந்தக் குட்டி இங்கிலாந்தில் பிள்ளைகள் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும், வயதானவர்கள் கை கால் கழுவ வேண்டும், பிரசவமான பெண்ணுக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் திட்டம் தீட்டுகிறவர்களின் நினைவுக்கு வருவதே இல்லை. கூரையில் மின்சாரம் எடுக்க மானியத்தை அள்ளிக் கொடுக்கிறவர்கள், அதே வெயிலில் வெந்நீர் தரும் சோலார் வாட்டர் ஹீட்டர் என்றால் மட்டும் கையை விரித்துவிடுகிறார்கள்.

அதனால் மக்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொள்கிறார்கள். காட்டோரத்து ஊர்களில் இன்றும் விறகு எரிகிறது. கொஞ்சம் வசதி உள்ள வீட்டில் கீசர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பெரும்பாலான வீடுகளில், பிளாஸ்டிக் வாளியின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து, உப்பு படிந்து வெள்ளையாகிப்போன ஹீட்டர் ராடை அதில் தொங்கவிட்டு, குழந்தைகள் பக்கத்தில் வந்துவிடாமல் ஒருவர் காவல் நிற்கிறார்கள். சுவிட்சை அணைக்க மறந்து வாளியில் கைவைத்தவர்களின் செய்தியை ஆண்டுதோறும் நாளிதழில் படித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் அதே ராடைத்தான் மறுபடியும் எடுத்து மாட்டுகிறோம்.

இதற்கு ஆகும் மின்சாரத்தை யாராவது கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா? 100 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்த்த, ஏறத்தாழ மூன்றரை யூனிட் செலவாகும். இது இயற்பியல் விதி. எந்தக் கம்பெனியின் கீசரை வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது. நான்கு பேர் இருக்கிற வீட்டில் நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 210 யூனிட் வெந்நீருக்கு மட்டுமே போய்விடுகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு 2016இல் அறிவித்ததே, அதைப் போல இரண்டு மடங்கு குளியலறையிலேயே கரைந்துவிடுகிறது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே மாறி விலை ஏறிவிடும் என்பது, குளிர்காலத்து மின்கட்டணத்தைக் கட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இதற்கு மாற்று ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய பொருள் அல்ல. மாடியில் சாய்வாக நிற்கும் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர், அதன் தலைமாட்டில் வெப்பம் வெளியேறாதபடி உறையிட்ட ஒரு தொட்டி, அவ்வளவுதான். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சூடான தண்ணீர் தானாகவே மேலே ஏறித் தொட்டியில் சேர்ந்துகொள்ளும். பகலில் காய்ந்த வெயில் மறுநாள் விடியற்காலை வரை தொட்டியிலேயே வெந்நீராக இருக்கும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

இதற்கு ஒரு காலத்தில் மானியமும் இருந்தது. 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய சூரிய சக்தித் திட்டத்தில், 2022க்குள் 2 கோடி சதுர மீட்டர் அளவுக்கு, வெயிலின் வெப்பத்தைப் பிடித்துத் தரும் வெப்பச் சேகரிப்பான்களை நிறுவுவோம் என்று இலக்கு வைத்து, விலையில் 30 சதவீதம் வரை மத்திய அரசு கொடுத்துவந்தது. 2014 அக்டோபர் 1 முதல் அது நிறுத்தப்பட்டது. சந்தை தன் காலிலேயே நின்றுவிட்டது, இனிமேல் கைதாங்கல் தேவையில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். சந்தை நின்றிருக்கலாம், கேழ்வரகும் தக்காளியும் பயிரிட்டுப் பிழைக்கிற குடும்பம் நின்றதா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மானியத்தை எடுத்ததோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. 2022 ஜூலையில் சோலார் வாட்டர் ஹீட்டருக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்த்தினார்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வாங்கித் தீர்த்துவிட்டு, 2025 செப்டம்பரில் மறுபடியும் 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, அதைச் சலுகை என்றும் அறிவித்துக்கொண்டார்கள். எடுத்ததைத் திருப்பி வைப்பதற்குப் பெயர் சலுகையாம்!

இப்போது 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தைப் பாருங்கள். ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின் தகடு வைக்க 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி டியூப் வகை 100 லிட்டர் வாட்டர் ஹீட்டர் ஒன்றின் மொத்த விலையே 20,000 ரூபாய்க்கு முன்பின்னாகத்தான் இருக்கிறது. 1 கிலோவாட் தகட்டுக்கு அரசு தூக்கிக் கொடுக்கிற மானியத் தொகையில் ஒரு முழு வெந்நீர்க் கலனையே வாங்கி மாட்டிவிடலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டார்களாம்.

தகட்டிலிருந்து மின்சாரம்தான் வருகிறதே, அதில் கீசரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். தகடு தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றினாலே பெரிது. வெப்பச் சேகரிப்பான் பாதியையோ அதற்கு மேலுமோ தண்ணீருக்குக் கொடுத்துவிடும். 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் சேகரிப்பான் போதும். 1 கிலோவாட் தகட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் குளிக்கிற காலை ஐந்தரை மணிக்குச் சூரியனே வந்திருக்காது. அந்த நேரத்தில் தகடு சும்மாதான் கிடக்கும். ஊரிலுள்ள கீசர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்வாரியத்தின் கம்பியைத்தான் இழுக்கும். தகடு கொடுத்த மின்சாரத்தை நாம் எடுத்ததிலிருந்து ரசீதில் கழித்துக் காட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்; காலைச் சுமை அப்படியே இருக்கிறதா இல்லையா?

இந்த வெற்றிடத்தில் புகுந்து விளையாடுபவர்கள் விற்பனையாளர்கள். எங்கள் பக்கத்துச் சாலை ஒன்றில், மானியத்துடன் சோலார் வாட்டர் ஹீட்டர் என்று இரண்டடி உயர எழுத்தில் இன்னமும் ஒரு பலகை தொங்குகிறது. உள்ளே போய் எந்தத் திட்டத்தின் மானியம் என்று கேட்டேன். “சார், முதல்ல முழுப் பணத்தையும் கட்டிடுங்க, ஆதார் நகலும் பேங்க் புக்கும் கொடுத்துடுங்க, மானியம் தானா அக்கவுண்ட்ல ஏறிடும் சார்” என்றார் அங்கிருந்தவர். 2014இலேயே நிறுத்திவிட்டார்களே என்றதும், “அது கம்பெனி மானியம் சார்” என்று கொஞ்சமும் தயங்காமல் மாற்றிக்கொண்டார். விலையை முதலில் ஏற்றி, பிறகு குறைத்து, அந்தக் குறைப்புக்கு மானியம் என்று பெயர் சூட்டுகிற இந்த வித்தையை நம்பிப் பணம் கட்டிவிட்டு, வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கடனாவது கிடைக்குமா என்று ஒரு வங்கிக் கிளையில் விசாரித்தால், கூரை மின் தகட்டுக்குக் குறைந்த வட்டியில் தருவோம், வெந்நீருக்கு வேண்டுமானால் தனிநபர் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

சரி, எப்படியோ பணத்தைப் புரட்டி வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் மண்ணின் தண்ணீர் சும்மா விடுமா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஃபுளோரைடு தொல்லைக்காகக் குடிப்பதற்கென்று வருவது. குளிப்பதற்குப் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீர் கண்ணாடி டியூபுக்குள் நாள் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? சில ஆண்டுகள் ஓடிய டியூப் ஒன்றைக் கழற்றிக் கவிழ்த்தால், முட்டை ஓடு போல வெள்ளைச் சில்லுகள் கலகலவென்று கொட்டுகின்றன; அடியில் ஒரு சாண் அளவுக்கு இறுகிப்போன உப்பு, குச்சியால் குத்தினாலும் அசைவதில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு வெப்பப் பரிமாற்றி வைத்த வகைதான் சரி. நல்ல தண்ணீர் தனிச் சுற்றில் சூடேறி, போர் தண்ணீருக்கு வெப்பத்தை மட்டும் கொடுத்துவிடும். ஆனால் அதன் விலை கூடுதல். ஆக, தண்ணீர் மோசமாக இருக்கிற ஊர்க்காரன்தான் அதிகப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓட்டு வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி சோலார் தொட்டிக்கும் மேலே இருந்தால்தான் தண்ணீர் இறங்கும் என்பதால், அவர் முதலில் ஓர் இரும்புத் தாங்கியைக் கட்டி நிறுத்த வேண்டும். அந்தச் செலவை விலைப்பட்டியலில் யாரும் காட்டுவதில்லை.

ஓசூரிலிருந்து எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அந்தப் பக்கத்துக் கர்நாடகத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கும் வீட்டுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 காசு, மாதத்துக்கு அதிகபட்சம் 50 ரூபாய் என்று பல ஆண்டுகள் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் வெந்நீருக்காக மின்சாரத்தை எரிக்காதவனை ஒரு மனிதனாக மதித்து, ரசீதில் ஒரு வரி எழுதத் தோன்றியிருக்கிறதே! அதே குளிர், அதே வெயில், நடுவில் ஒரு சோதனைச்சாவடி மட்டும்தான்.

நாங்கள் கேட்பது 75,021 கோடி ரூபாய் அல்ல. கூரை மின் தகட்டுக்குக் கொடுப்பதில் பாதியை வெந்நீர்க் கலனுக்கும் தரட்டும். அதையும் முழு விலையைக் கட்டிய பிறகு என்று காக்க வைக்காமல், வாங்கும்போதே விலையில் கழிக்கட்டும். உப்புத் தண்ணீர் ஊர்களுக்கும் ஓட்டு வீடுகளுக்கும் சற்றுக் கூட்டித் தரட்டும். அதுவும் முடியாதென்றால் அந்த 210 யூனிட்டை மிச்சப்படுத்துகிறவனுக்கு ரசீதிலாவது ஏதாவது கழிக்கட்டும். இதையெல்லாம் பொறுமையாக எழுதி, கையெழுத்து வாங்கி, ஓர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்தோம். வாங்கிப் படித்துக்கூடப் பார்க்காமல், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வண்ணத் துண்டறிக்கையை எடுத்து நீட்டினார்கள். கூரையில் சூரிய மின் தகடு வைத்தால் 78,000 ரூபாய் வரை மானியம் என்று அதில் அச்சடித்திருந்தது.