விரல் நுனியில் ஒரு குத்து, அதற்கு இவ்வளவு கூச்சலா?

அந்த வெள்ளவத்தை ஃபிளாட் வீடியோவைப் பற்றி எழுதாமல் விடத்தான் பார்த்தேன். இன்றைக்கும் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

மடகாஸ்கருக்குப் போய் வந்த தம்பி. கூடப் போனவருக்கு மலேரியா. இவருக்கும் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு இரத்தம் கேட்டு வந்த சுகாதார ஊழியர்களை வாசலிலேயே நிறுத்தி, "நான் என்ன நோயாளியா?" என்று கத்துகிறார். கீழே பாராட்டு மழை. இரத்தம் எடுக்கிற கண்ணாடித் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த ஊழியப் பிள்ளையின் முகத்தைக்கூட மறைக்காமல் போட்டிருக்கிறீர்கள். அவர் செய்த குற்றம் என்ன?

வாசலில் வந்து இரத்தம் கேட்பது அவமானம் இல்லை. மலேரியாக் கிருமி உடம்பில் இருந்தும் காய்ச்சல் வராமல் வாரக்கணக்கில் இருக்கலாம், சில வகையில் மாதக்கணக்கில். அந்த ஆளைக் கடித்த உள்ளூர் மலேரியா நுளம்பு கொஞ்ச நாளில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டு முடிவில்தான், நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் வளரக்கூடிய புது மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது.

"அதுதான் ஒழிந்துவிட்டதே" என்கிறவர்களுக்கு: 1963இல் இந்த நாட்டில் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. ஒழிந்துவிட்டது என்று நுளம்பு மருந்தடிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல். இதற்குப் பிறகும் ஒரு சொட்டு இரத்தம் பெரிய விஷயமா?

நான் வன்னியில் வளர்ந்தவள். மலேரியா என்றால் எங்களுக்குப் புத்தகச் செய்தி இல்லை. பட்டப்பகலில் இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிடுகிடுக்கும். அம்மா குளோரோகுயின் குளிசையைச் சீனியோடு தருவா, சீனி கரைந்த பிறகும் நாக்கில் கசப்பு நிற்கும். மருந்தடிக்க வருகிறவர்கள் போன பிறகு மண்சுவரில் வெள்ளைத் திட்டுகள் காயும். அவர்களை யாரும் திட்டி அனுப்பியதில்லை, தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவோம். போலியோச் சொட்டு மருந்துக்காக இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திய நாட்கள் இருந்தன. துவக்குகளே வழிவிட்டன. ஒரு ஃபிளாட் கதவு திறக்காதா?

"பெயர் வெளியில் வந்தால் ஒதுக்கி வைப்பார்கள்" என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார். இது நியாயமான பயம். 2021 நவம்பரில் ஒமிக்ரோன் என்ற புதுக் கொவிட் வகையைக் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னது தென்னாப்பிரிக்கா. கிடைத்த பரிசு, விமானங்களை நிறுத்தினார்கள். இலங்கையும் அங்கிருந்து வருகிறவர்களைத் தடுத்தது. உண்மை சொன்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் வாய் திறப்பானா? ஒதுக்குகிறவர்களைக் கண்டியுங்கள், நானும் வருகிறேன். பரிசோதிக்க வந்தவரை ஏன் விரட்டுகிறீர்கள்?

"உலக சுகாதார நிறுவனமே பித்தலாட்டம்" என்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் அதற்குக் கொவிட்டில் இறந்தவர்களை இங்கே கட்டாயமாக எரித்ததைச் சாட்சிக்கு இழுக்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை. புதைக்கலாம், எரிக்கலாம் என்று அந்த நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. கேட்காதது நம் அரசு. பிறந்து 20 நாளான முஸ்லிம் பிள்ளையைக்கூட எரித்தார்கள். பொரளை மயான வேலியில் சனம் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டியது மறந்துவிட்டதா? 2021 பெப்ரவரியில்தான் அந்தக் கட்டாய எரிப்பு உத்தரவு போனது. அறிவியல் சொன்னதைக் கேட்காததால் வந்த கொடுமையை அறிவியலின் தலையில் கட்டாதீர்கள். எங்கள் மாடியில் இருக்கிற ஆச்சி இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவா.

கோபம் இருந்தால் சரியான இடத்தில் காட்டுங்கள். போன வருஷம் ஒரு சுகாதார அலுவலகத்தில் எனக்கு நீட்டிய படிவம் முழுக்கச் சிங்களம். தமிழில் கேட்டேன், "இல்லை" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். எந்த நோய்க்கு என்று வாசிக்க முடியாமல் கையெழுத்து வைக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? அப்படி நிற்கவைத்தால் வலிக்கும், எனக்கும் வலித்தது. அதற்காகச் சத்தம் போடுங்கள், நானும் கூடவே நிற்கிறேன்.

ஆப்பிரிக்கா, இந்தியா என்று போகிறவர்கள் என் நண்பர் பட்டியலில் நிறையப் பேர். மலேரியா உள்ள இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் மலேரியா தடை இயக்கத்தில் தடுப்புக் குளிசை இலவசமாகத் தருகிறார்கள், வாங்கிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து காய்ச்சல் என்றால் பனடோல் போட்டுப் படுக்காமல், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.