ஏற்காட்டில் ஏரியை விடுங்கள், பாதையைப் பாருங்கள்

"ஏற்காட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்கினீர்கள் என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அடிவாரத்திலிருந்து எங்கும் நிற்காமல் ஏறி, ஏரியில் படகுக்கு வரிசையில் நின்று, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, அதே வழியில் அவசரமாக இறங்கியிருப்பார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கென்று ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறதென்றால், அதை ஏரிக்குக் கொடுக்காமல் மலைப்பாதைக்குக் கொடுப்பதே சரி என்பது சேலத்திலேயே பிறந்து வளர்ந்த என் கருத்து.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இந்த ஏற்றத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில் கடக்கும்போது வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைகிறது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கி வைத்தவர்களுக்கு மட்டுமே அது ஒவ்வொரு வளைவாக உடம்பில் தெரியும். கீழே முட்புதரும் மூங்கிலுமாக இருந்த காடு, மேலே போகப் போக சில்வர் ஓக் மரங்களாகவும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளாகவும், அடியில் நிழல் காயும் காப்பிச் செடிகளாகவும் மாறிவிடுகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் ஊன்றிய பயிர் காப்பி. கோடையின் முதல் மழை விழுந்த ஒன்பது பத்து நாட்களில் காப்பி பூக்கும். கிளை முழுக்கப் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மையாக இருக்கும். வாசனை ஏறத்தாழ மல்லிகைதான். இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும் அந்தப் பூவைத் தற்செயலாக ஒருமுறை பார்த்த பிறகுதான், இந்தப் பாதையில் நான் மெதுவாக ஓட்டக் கற்றேன்.

இறங்குவதற்குக் கற்றது வேறு விதமாக. புதிதாகக் கார் வாங்கிய வருடம், இறக்கம்தானே என்று நான்காவது கியரில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. ஓரங்கட்டி நின்றபோது, முன் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல். பின்னால் காய்கறி ஏற்றி வந்த டெம்போ ஓட்டுநர் நிறுத்திப் பார்த்துவிட்டு, "எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்லதான் எறங்கணும் தம்பி" என்றார். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிரேக் வளைவுக்கு மட்டும்தான் என்பதை ஓட்டுநர் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும் என்ற விதியும் அப்படித்தான்; சட்டத்தில் இருக்கிறது, வார இறுதியில் மலையில் காண்பது அரிது.

சென்ற மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே ஏறினேன். மேல் வளைவு ஒன்றில், வண்டி ஒதுங்க இடமிருந்த இடத்தில் நிறுத்தியபோது, சேலத்து வெள்ளைக்கல் சுரங்கக் குவியல்கள் கீழே உப்பளம்போலத் தெரிந்தன. ஏரியைக் கடந்து நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். ஆனால் மேலே ஒரு மைதானம்போல் சமமான புல்வெளி விரிகிறது. குகைக்குள் இருக்கும் சாமியைக் குனிந்துதான் போய்ப் பார்க்க வேண்டும். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே குனிந்தார்.

திரும்பும்போது கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கினோம். அது குறுகலான பாதை. பழக்கமில்லாதவர்கள் இருட்டிய பிறகு அதில் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையால் வழக்கமான அடிவாரப் பாதையில் மண் சரிந்தபோது இந்த வழியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. பாதை சரியானதும் மறந்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. அன்று இறங்கி முடிக்கும்வரை எதிரே வந்தவை நான்கு இருசக்கர வாகனங்களும் ஒரு பேருந்தும்தான்.

அயோத்தியாப்பட்டணம் நெருங்கி வெயில் மீண்டும் முகத்தில் அறைந்தபோதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. "ஏண்டா, ஏரிக்குப் போகவே இல்லையே?" என்றார்.