அது தவளைக் குஞ்சு இல்லை அண்ணே

டெட்ரா மீன் வளர்க்கும் தொட்டியில் திடீரென வந்த குட்டிப் பிராணி என்னவென்று தம்பி படம் போட்டுக் கேட்டிருக்கிறார். "தலைப்பிரட்டைதான், நம்ம சுங்கை சிப்புட் லோங்காங்கில் (வடிகாலில்) நிறைய இருக்கு, அங்கேயே ஊத்திடு" என்று மேலே அண்ணன் எழுதியிருக்கிறார். தம்பி, அவசரப்பட்டு ஊற்றிவிடாதே.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தின் இரு பக்கமும் இறகு மாதிரிச் செவுள் வெளியே நிற்கிறது. தலைப்பிரட்டைக்கு அது பொரித்த சில நாளில் தோலுக்குள் மூடிவிடும். கால் முளைத்தாலும் அதற்குப் பின்னங்கால்தான் முதலில் தெரியும். இதற்கு முன்னங்கால் மட்டும் வந்திருக்கிறது. இது நியூட் குஞ்சு (நியூட் என்பது பல்லி மாதிரி வாலுள்ள, தவளைக்கு உறவான நீர்நிலப் பிராணி).

நம் லோங்காங்கில் இது இருக்க வழியே இல்லை. தீபகற்ப மலேசியாவில் இயற்கையாக வாழும் நியூட் இனம் ஒன்றுகூடக் கிடையாது. கடையில் வாங்கிய செடியோடுதான் வந்திருக்கும். பல நியூட் இனங்களில் பெண், முட்டைகளை ஒவ்வொன்றாக இலையில் வைத்து, இலையை மடித்து ஒட்டிவிடும். செடியை அலசினாலும் கண்ணில் படாது. (கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.)

டெட்ரா மீன்கள் அந்தச் செவுளைக் கடித்துக் குதறும்; 28 டிகிரி தண்ணீரும் பெரும்பாலான நியூட்டுக்கு அதிகச் சூடு. தனி டப்பாவில், நிழலில், குளிர்ச்சியாக வை. டாஃப்னியா மாதிரி உயிருள்ள பொடித் தண்ணீர்ப்பூச்சி போடு, மீன் தீனியைத் தொடாது. வளர்க்க முடியாவிட்டால் பெர்ஹிலித்தானை (வனவிலங்குத் துறையை) கேள். வெளியூர்ப் பிராணியை லோங்காங்கில் விடவே கூடாது, அதன் நோயும் நம் தவளைகளுக்குப் போகும்.