சட்டாம்பிள்ளையை விட்டுவிட்டீர்களே

"பழைய முறையில் ஆசிரியர் சொல்வார், மாணவன் கேட்டு எழுதுவான்" என்று கற்பிக்கும் முறைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இலக்கணம், மொழிபெயர்ப்பு என்று போகும் முறைக்கு அது சரி. காரைக்குடியில் நான் ஆங்கிலம் படித்ததும் அப்படித்தான். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றத் தெரியும், வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கத் தெரியாது.

ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்தை அதோடு சேர்க்காதீர்கள். எங்கள் ஐயா தேவகோட்டைப் பக்கம் திண்ணையில் படித்தவர். அவர் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுத வைத்தது வாத்தியார் இல்லை, சட்டாம்பிள்ளை. அவனும் படிக்கிற பையன்தான், வாத்தியாருக்குப் பதிலாக மற்றவர்களைக் கவனிப்பவன். கோணலாக வந்தால் விரலை இன்னும் அழுத்துவானாம், மணல் நறநறவென்று நுனியில் உறுத்துமாம். எண்பது வயதிலும் அந்த விரலைத் தடவிக்கொண்டே சொல்வார். பிறகு அவன் முறைவைக்க, அதாவது பாடத்தை உரக்கச் சொல்ல, மற்றவர்கள் கூடவே சொல்ல வேண்டும்.

சென்னையில் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், தன் பள்ளியிலும் பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1797-இல் அதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'.

திண்ணையில் பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. அதை நான் மறைக்கவில்லை.